அரிசி இருக்கு, ஐசிதான் இல்ல: சுங்கை சிப்புட் நாட்குறிப்பு

அக்டோபர் 10, 2025, வெள்ளி

தீபாவளிக்கு இன்னும் பத்து நாள். கடைத்தெருவில் முறுக்கு மாவுக்கும் பலகாரப் பெட்டிக்கும் கூட்டம் அலைமோதுகிறது. பகல் முழுக்க வெயில் கொளுத்தியது. நாலு மணிக்கு மலைப்பக்கம் கறுத்து, ஐந்துக்கு இடியோடு கொட்டிவிட்டது. மலேசியாவின் பேராக் மாநிலத்தில் உள்ள இந்தச் சுங்கை சிப்புட்டில் அக்டோபரில் தினமும் இதே கதைதான். வெளிவேலை எதுவானாலும் மூன்று மணிக்குள் முடித்துவிட வேண்டும்.

தலைநகரிலிருந்து ஏழைக் குடும்பங்களுக்குத் தீபாவளிப் பை ஏற்றி வரும் குழுக்கள் இதைக் கணக்கில் எடுப்பதில்லை. காலை பத்துக்குப் புறப்பட்டு, ஈப்போவில் உட்கார்ந்து சாப்பிட்டு, தோட்டத்துச் செம்மண் பாதையில் வண்டி நுழையும்போது மழையும் நுழைகிறது. இன்று ஒரு வேன் செம்பனைக் காட்டுக்கு நடுவே அச்சு வரை புதைந்துவிட்டது. பொருளை அட்டைப் பெட்டிகளில் கட்டியிருந்தார்கள். இறக்கி வைத்த பெட்டிகளின் அடி ஊறிப் பிய்ந்து, கோதுமை மாவு களியாகிவிட்டது. மழைக்காலத்துக்கு நெய்த பிளாஸ்டிக் சாக்குதான் சரி. அரிசி அடியில், டின் நடுவில், மாவும் சீனியும் தனி பிளாஸ்டிக் உறையில் மேலே இருக்க வேண்டும்.

வேனைத் தள்ளி மேட்டில் ஏற்றியவர்கள் அந்தத் தோட்டத்தில் குலை வெட்டும் வங்காளதேசத் தொழிலாளர்கள், ஆறு பேர். முழங்கால் வரை சேறு. குழுவினர் நன்றி சொன்னார்கள், கைகொடுத்தார்கள். ஆனால் பை கொடுக்கவில்லை, பட்டியலில் அவர்கள் பெயர் இல்லையாம். அந்த ஆறு பேரும் சிரித்துக்கொண்டே மழையில் திரும்பிப் போனார்கள்.

பட்டியல் எங்கிருந்து வருகிறது என்பதுதான் இந்த வேலையின் உயிர்நாடி. ஒன்று கோயில் தலைவர் கொடுப்பார், இல்லையென்றால் கட்சிக் கிளைத் தலைவர். கோயில் சந்தா கட்டாத வீடும், போன தேர்தலில் அடுத்த அணிக்கு வேலை செய்த வீடும் அதில் இருக்காது. இந்த லயத்தில் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகள்) முன்வரிசைக்கு இந்த மாதம் நாலு பை வந்திருக்கிறது. பின்வரிசைக்கு ஒன்றுகூட வரவில்லை.

பையில் இருப்பதையும் சொல்ல வேண்டும். உள்ளூர் அரிசி 5 கிலோ 13 வெள்ளி (ரிங்கிட்), மானிய எண்ணெய்ப் பொட்டலம் கிலோ 2 வெள்ளி 50 காசு, சீனி 2 வெள்ளி 85 காசு, மாவு 1 வெள்ளி 35 காசு. அதோடு பருப்பு, மீஹூன் (அரிசிச் சேமியா), சார்டின் டின், பால்டின், பிஸ்கட் எல்லாம் சேர்ந்து சுமார் 60 வெள்ளி ஆகிறது. வாங்குபவர்களில் பாதிப் பேர் அரசு கிளினிக்கில் சர்க்கரை நோய்க்கு மாத்திரை எடுக்கிற முதியவர்கள். அவர்கள் கையில் சீனி, இனிப்புப் பால்டின், பிஸ்கட். புரட்டாசி மாதத்தில் சார்டின் டின் வேறு. அது ஐப்பசி பிறக்கும்வரை அலமாரியில் கிடக்கும். அந்தக் காசுக்குப் பருப்பை இரண்டு கிலோ ஆக்கி, கச்சானும் (நிலக்கடலை) பால்மாவும் வைத்தால் உடம்புக்கு ஆகும்.

மாலை மாரியம்மன் கோயிலில் வெள்ளிக்கிழமை பூசை. சுடச்சுட மீஹூன், கடலை. தெரியாத முகம் என்றாலும் இரண்டாவது தட்டு தானாக வந்துவிடுகிறது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த பாட்டியிடம் பை கிடைத்ததா என்று கேட்டதற்கு, "அரிசி இருக்கு தம்பி, பேரனுக்கு ஐசிதான் இல்ல" என்றார். ஐசி என்றால் குடிமகனின் அடையாள அட்டை.

அக்டோபர் 11, சனி

புரட்டாசி நாலாம் சனி. அன்னதானச் சமையல் விடியற்காலை நாலரைக்கே தொடங்கிவிட்டது. முந்நூறு பேருக்கு அரிசி 30 கிலோ, சாம்பாருக்குப் பருப்பு 10 கிலோ, காய் 25 கிலோ. அளவுக் கரண்டி எதுவும் இல்லை. பெரிய அண்டாவுக்குப் பொறுப்பான அக்கா உப்பைக் கையால் அள்ளிப் போடுகிறார், ஒரு தடவைகூடத் தப்பவில்லை. அவரும் மற்ற ஏழு பெண்களும் சம்பளம் வாங்குவதில்லை. மானியம், திட்ட அறிக்கை, நிதியாண்டு எதையும் நம்பாமல் இந்த அடுப்பு வாராவாரம் எரிகிறது. சமயம் சார்ந்த தொண்டின் பெரிய பலம் இதுதான். பணம் வந்தாலும் வராவிட்டாலும் அடுத்த சனிக்கிழமை இது நடக்கும்.

இங்கே பட்டியலும் கிடையாது. நேற்று வேனைத் தள்ளியவர்களில் இரண்டு பேர் பந்தியில் இருந்தார்கள். நேப்பாளத்துக் காவலாளிகள் இருந்தார்கள். சாதி கேட்கவில்லை, ஐசி கேட்கவில்லை, சந்தா கட்டினீர்களா என்றும் கேட்கவில்லை. பந்தியில் உட்கார்பவனுக்கு இலை விழுகிறது, அவ்வளவுதான்.

கெட்டது பொட்டலத்தில்தான். லயத்துக்கு அனுப்ப நூறு பொட்டலம் பத்தரைக்கே கட்டிவிட்டார்கள். பிரமுகர் ஒருவர் வந்து வழங்குவதாக ஏற்பாடு. அவர் வந்தது ஒரு மணிக்கு, பேசி முடித்தது ஒன்றேமுக்காலுக்கு. பொட்டலம் வீடுகளுக்குப் போய்ச் சேர இரண்டரை. ஆவி பறக்கும் சோற்றை மூடிய போலிஸ்டைரீன் பெட்டியில் அடைத்து, முப்பத்து மூன்று டிகிரி வெயிலில் நாலு மணி நேரம் வைத்தால் என்ன ஆகும் என்பது சமையல்காரர்களுக்குத் தெரியும். பயற்றங்காய்ப் பொரியல் பிசுபிசுத்துப் போயிருந்தது. சோற்றில் வளரும் பேசிலஸ் செரியஸ் கிருமி விடும் நச்சு, திரும்பச் சூடாக்கினாலும் போகாது. தேங்காய் சேர்த்த கறி இன்னும் சீக்கிரம் கெடும். பொட்டலம் அனுப்புவதானால் புளிச்சோறோ எலுமிச்சைச் சோறோ போதும். சாம்பாரைத் தனியே கட்ட வேண்டும், கட்டிய இரண்டு மணி நேரத்துக்குள் கைக்குப் போய்ச் சேர வேண்டும். பிரமுகர் பேசட்டும், பொட்டலம் அவருக்காகக் காத்திருக்கக் கூடாது.

பந்தியில் பாட்டியின் பேரன் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தான். பதினாறு வயது. நாலு வருடமாக இதே கோயிலில் இலை எடுக்கிறான், தண்ணீர் ஊற்றுகிறான். எல்லோருக்கும் அவனைத் தெரியும், எல்லோருக்கும் செல்லம். ஆனால் அவனுக்கு ஏன் ஐசி இல்லை என்று யாரும் கேட்டதில்லை. கேட்டால் அம்மாவைப் பற்றிப் பேச வேண்டிவரும், அது மரியாதை இல்லை என்று விட்டிருக்கிறார்கள். கேள்வி கேட்காமல் சோறு போடும் பண்பே இங்கே அவன் கையைக் கட்டிப்போட்டிருக்கிறது.

கோயில் கணக்கைப் பற்றியும் பேச்சு வந்தது. பினாங்கில் 1906ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் இந்து அறப்பணி வாரியம் உண்டு. கோயில் சொத்தை நிர்வகித்து, அதன் வருமானத்தில் கல்வி உதவியும் செய்கிறது. பேராக்கில் அப்படி ஒன்று கிடையாது. ஒவ்வொரு கோயிலும் தனித்தனிக் குழு, தனித்தனிக் கணக்கு. கும்பாபிஷேகத்துக்கு நன்கொடைப் பலகை வைத்தால் மூன்று மாதத்தில் நிரம்பிவிடும், கல்வி நிதிக்கு வைத்தால் பெயர் எழுத ஆள் வராது. இது பக்தர்களின் குறையும்தான், குழுவை மட்டும் குறை சொல்வது நியாயம் இல்லை.

அக்டோபர் 12, ஞாயிறு

காலைப் பசியாறல் தோசை இரண்டு, தே தாரிக் (இழுத்த பால் தேநீர்) ஒன்று, 6 வெள்ளி 20 காசு. கடைக்காரர் மீதியைக் கொடுக்கும்போது வலது முழங்கையை இடது கையால் தொட்டுக்கொள்கிறார். இந்தப் பழக்கம் ஈப்போ கடைகளில் குறைந்துவிட்டது.

தமிழ்த் திருப்பலி முடிந்ததும் தேவாலயக் குழு வீடு பார்க்கக் கிளம்புகிறது. 1833இல் பாரிசில் பிரெடெரிக் ஓசனாம் என்ற இருபது வயது மாணவரும் நண்பர்களும் தொடங்கிய புனித வின்சென்ட் தே பவுல் சபையின் முறையைப் பின்பற்றுகிறார்கள். எப்போதும் இரண்டு பேராகப் போவது, வீட்டுக்குள் உட்கார்ந்து பேசுவது, அடுத்த கூட்டத்தில் வாயால் அறிக்கை சொல்வது. கூட்ட முடிவில் ஒரு பை சுற்றி வரும். யார் எவ்வளவு போட்டார் என்று யாருக்கும் தெரியாது. நன்கொடைப் பலகையில் பெயரும் தொகையும் எழுதிப் பழகிய ஊரில் இந்த ஏற்பாடு கவனிக்கத்தக்கது.

உட்கார்ந்து பேசுவதன் பலன் கண்கூடு. ஒரு வீட்டில் இன்சுலின் ஊசி இருக்கிறது, குளிர்பெட்டி இல்லை. நின்றபடியே பையைக் கொடுத்துப் போகிறவருக்கு அது தெரியவராது. குழுவினர் அரிசியை நிறுத்தி, அந்தப் பணத்தில் பழைய சிறு குளிர்பெட்டி வாங்கிக் கொடுத்திருக்கிறார்கள். அதுவரை அந்த வீட்டுக்காரர் ஊசி மருந்தைப் பானைத் தண்ணீருக்குள் வைத்திருந்தாராம்.

ஆனால் மாலை இலவசப் பாட வகுப்பு ஜெபத்தோடு தொடங்குகிறது. பிள்ளைகளில் பெரும்பாலோர் இந்துக்கள். "அரிசி குடுத்து ஆளை மாத்துறாங்க" என்று கோயில் பக்கம் கசப்பாகப் பேசுகிறார்கள். வகுப்பு நடத்தும் ஆசிரியையிடம் இதைச் சொன்னபோது கோபப்படவில்லை. ஜெபத்துக்கு வராத பிள்ளை ஐந்து நிமிடம் கழித்து வரலாம் என்று பெற்றோருக்குச் சொல்லியிருக்கிறாராம். ஆனால் ஒரு பிள்ளைகூடத் தாமதமாக வருவதில்லை. பத்து வயதுப் பிள்ளைக்கு அந்தச் சுதந்திரம் கதவில்லாத அறைக்குச் சாவி கொடுத்த மாதிரி. ஜெபத்தை வகுப்பு முடிந்தபின் வைத்து, வேண்டாதவர்கள் வீட்டுக்குப் போகலாம் என்றால் பாதிக் கசப்பு தீர்ந்துவிடும்.

கோயில்காரர்களும் இதே உரைகல்லில் உரசிப் பார்த்துக்கொள்ள வேண்டும். வாங்குபவர் என்ன விலை கொடுக்கிறார்? தேவாலயத்தில் ஐந்து நிமிட ஜெபம். கட்சிப் பையில் பிரமுகர் முகம் அச்சிட்ட உறை. தலைநகர் அறக்கட்டளைக்குப் படம். பதாகையைப் பிடித்துக்கொண்டு பையோடு நிற்க வேண்டும், நிதி கொடுத்த நிறுவனத்துக்கு அனுப்ப வேண்டுமாம். ஒரு பெண் முகத்தைத் துணியால் மறைத்தார், எடுக்கச் சொன்னார்கள், எடுத்தார். சமயம் சாராத தொண்டு என்பதால் அது நிபந்தனையற்ற தொண்டு ஆகிவிடாது. படம் இல்லாமலே, கையெழுத்துப் பட்டியலும் கடை ரசீதும் கணக்குக்குப் போதுமான சான்று.

ஊரில் உள்ள தமிழ் முஸ்லிம் குடும்பங்களின் நிலை வேறு. மாநில இஸ்லாமிய சமய மன்றம் வசூலிக்கும் ஸக்காத்தில் (முஸ்லிம்களின் கட்டாயத் தர்மம்), எட்டு வகையினருக்கு உரிய பங்கு என்று வரையறை உண்டு. விண்ணப்பம், விசாரணை, மாதாந்திரத் தொகை என்று ஒழுங்கு உண்டு. சமயத் தொண்டும் பதிவேடும் சேர்ந்தே இருக்க முடியும் என்பதற்கு அது கண்முன் சான்று. லயத்து இந்துக் குடும்பத்துக்கு அப்படிப் போய் நிற்க ஒரு முகப்பு இல்லை.

அக்டோபர் 13, திங்கள்

இன்று முழுக்கக் காகிதம்.

இங்கே சமயம் சாராத ஒரு சிறு இயக்கம் உண்டு. கடைவீட்டு மாடியில் ஒரு மேசை, இரண்டு நாற்காலி, ஒரு பழைய நகல் இயந்திரம். அரிசி கொடுப்பதில்லை. அதனாலேயே லயத்தில் பலருக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரியாது. வருபவரிடம் முதல் அரைமணி நேரம் கேள்விதான். எங்கே பிறந்தான், எந்த மருத்துவமனை, அம்மா எந்த நாடு, தாலி கட்டியது எப்போது, பதிந்தது எப்போது.

கடைசி இரண்டு கேள்வியில்தான் எல்லாம் இருக்கிறது. 1982 மார்ச் 1 முதல், முஸ்லிம் அல்லாதவர் திருமணம் சட்டப்படி பதிவாக வேண்டும். கோயிலில் தாலி கட்டி, ஊருக்கே விருந்து போட்டாலும் பதியாவிட்டால் சட்டத்தின் கண்ணில் திருமணம் இல்லை. அம்மா, அப்பா இருவரும் குடிமக்கள் என்றால் பிள்ளைக்கு அம்மா வழியில் குடியுரிமை வந்துவிடும். அப்பா பெயர் இருக்க வேண்டிய இடத்தில் மட்டும் "தகவல் கிடைக்கவில்லை" என்று இருக்கலாம். அம்மா இந்தோனேசியர் அல்லது தாய்லாந்துக்காரர் என்றால்தான் விபரீதம். பதிவில்லாத திருமணத்தில் பிறந்த பிள்ளைக்கு அம்மாவின் நிலையே பார்க்கப்படும். அப்பா மூன்று தலைமுறையாக இந்த மண்ணில் ரப்பர் பால் வெட்டியவராக இருந்தாலும் பிறப்புப் பத்திரத்தில் "குடிமகன் அல்லர்" என்று விழும். பிறகு ஓடிப்போய்த் திருமணத்தைப் பதிந்தாலும் அது தானாக மாறாது. அரசியலமைப்பின் 15ஏ பிரிவின் கீழ் மனு போட்டு, உள்துறை அமைச்சின் முடிவுக்குக் காத்திருக்க வேண்டும். அது ஆண்டுக்கணக்கில் ஆகும் வேலை.

பாட்டியின் பேரன் இந்த வகை. அரசு கிளினிக்கில் குடிமகனுக்கு 1 வெள்ளி, அவனுக்கு 40 வெள்ளி. பன்னிரண்டு வயதில் கூடப் படித்தவர்கள் எல்லாம் ஐசி எடுத்தபோது அவன் எடுக்கவில்லை. இந்த ஆண்டு ஆகஸ்ட் 31 முதல் 18 வயது நிரம்பிய ஒவ்வொரு குடிமகனுக்கும் ஐசி வழியே 100 வெள்ளி, 'சாரா' என்ற அரசு உதவி, கொடுக்கிறார்கள். அரிசி, முட்டை, மருந்து என்று கடையில் அட்டையைச் செருகி வாங்கலாம். இரண்டு வருடம் கழித்து அப்படி ஒன்று வந்தால் அவனிடம் செருக அட்டை இருக்காது.

மனுவுக்கு வேண்டிய காகிதங்களை மேசையில் வரிசையாக வைத்துப் பார்த்தார்கள். பிள்ளையின் பிறப்புப் பத்திரம், அப்பாவின் ஐசியும் பிறப்புப் பத்திரமும், அம்மாவின் கடப்பிதழ் நகல், கர்ப்பகாலப் பரிசோதனைப் புத்தகம், தடுப்பூசி அட்டை, பள்ளிச் சான்று, ஆணையர் முன்னிலையில் எடுத்த சத்தியப் பிரமாணம். பெரும்பாலும் சிக்குவது எழுத்துக்கூட்டலில். அப்பா பெயர் ஐசியில் ஒரு விதம், பள்ளிப் பதிவில் ஒரு விதம். தோட்டத்துக் கிராணி (எழுத்தர்) காதில் விழுந்தபடி எழுதியது. இரண்டும் ஒரே ஆள் என்று தனியாக ஒரு சத்தியப் பிரமாணம் வேண்டும். அதை முதலிலேயே இணைக்காவிட்டால் மனு திரும்பி வரும், போக்குவரத்துக்கு ஒரு நாள் சம்பளம் போகும்.

இயக்கத்தாரின் குறையையும் சொல்ல வேண்டும். மேசை மாடியில் இருக்கிறது, திங்கள் முதல் வெள்ளி வரை, காலை ஒன்பது முதல் ஐந்து வரை. குலை பொறுக்கும் பெண்ணுக்கு அந்த நேரத்தில் வேலை. மானியம் பன்னிரண்டு மாதத்துக்கு, மனு முடியவோ அதைவிடப் பல வருடம். மானியம் முடிந்து ஊழியர் மாறும்போது கோப்பு எங்கே என்று தேட வேண்டிவருகிறது. இரண்டு குடும்பங்களின் அசல் பத்திரம் இப்படித் தொலைந்திருக்கிறது. அசலை யாரிடமும் விட்டு வரக் கூடாது, நகலை மட்டும் கொடுங்கள் என்று இப்போது வாசலிலேயே எழுதி ஒட்டியிருக்கிறார்கள்.

மாலை மறுபடி மழை. கடைவீட்டு ஐந்தடி நடைபாதையில் ஒதுங்கியபோது சீனக் கடைக்காரர் பேசாமல் ஒரு பிளாஸ்டிக் முக்காலியை இழுத்துப் போட்டுவிட்டு உள்ளே போனார்.

அக்டோபர் 14, செவ்வாய்

சுங்கை சிப்புட்டுக்கு இந்தத் தொண்டுகளைவிடப் பழைய ஒரு பாடம் உண்டு. மலேசிய இந்தியர் காங்கிரஸ் தலைவராகவும் அமைச்சராகவும் இருந்த துன் வீ. தி. சம்பந்தன் 1919இல் பிறந்த ஊர் இது. ஐம்பதுகளில் தோட்டங்களைத் துண்டுபோட்டு விற்கத் தொடங்கி, தொழிலாளர்கள் வீட்டோடு வேலையையும் இழந்தபோது, அவர் முயற்சியில் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் எழுந்தது. தொழிலாளர்களே தவணையாகப் பங்குப் பணம் கட்டித் தோட்டத்தை வாங்கினார்கள். கெடாவின் புக்கிட் சீடிம் தோட்டம் முதலாவது. கோயில் பிரிவினையோ மொழிப் பிரிவினையோ பார்க்காத பங்கேடு அது. தானம் வாங்கியவராக யாரும் அதில் இல்லை, எல்லோரும் பங்குதாரர்.

இன்று லயத்தில் பார்த்த ஒரு காகிதம் அதை நினைவூட்டியது. தோட்டம் கைமாறுகிறது, பழைய தொழிலாளர்களை நிறுத்துகிறார்கள். 1980ஆம் ஆண்டுப் பணிநீக்க நட்டஈட்டு விதிகளின்படி, ஐந்து ஆண்டோ அதற்கு மேலோ வேலை செய்தவருக்கு ஆண்டுக்கு 20 நாள் சம்பளம் நட்டஈடு. மாதம் 1,700 வெள்ளி என்று வைத்தால், பன்னிரண்டால் பெருக்கி 365ஆல் வகுக்க, ஒரு நாள் சம்பளம் 55 வெள்ளி 89 காசு. 22 ஆண்டுக்கு 440 நாள், ஏறக்குறைய 24,590 வெள்ளி. தீபாவளிப் பை 60 வெள்ளி என்றால் நானூறு பைக்கு மேல். வேலை நின்ற ஏழு நாளுக்குள் கொடுக்க வேண்டும். புதிய முதலாளி பழைய நிபந்தனையிலேயே வேலை தந்தால் நட்டஈடு கிடையாது, பழைய சேவைக்காலம் தொடரும்.

கெடுவது இங்கேதான்: மலாயில் ஒரு தாள் நீட்டுவார்கள். "சுய விருப்பத்தில் விலகுகிறேன்" என்று இருக்கும். கையெழுத்து விழுந்தால் நட்டஈடு போச்சு. இன்று காட்டப்பட்ட மூன்று தாளில் இரண்டில் கையெழுத்து விழுந்துவிட்டது. மூன்றாவதை நிறுத்தியவர் யார் தெரியுமா? கோயில் பண்டாரம் (பூசாரி). படிக்கத் தெரியாத அம்மா தாளை எடுத்துக்கொண்டு ஓடியது அவரிடம். அவருக்கும் சட்டம் தெரியாது. "நாளைக்குப் போடுறேன்னு சொல்லும்மா" என்று சொல்லி, இயக்கத்துப் பிள்ளைகளுக்குத் தொலைபேசியில் கூப்பிட்டிருக்கிறார்.

மாடி மேசைக்குத் தெரிந்தது பண்டாரத்துக்குத் தெரியாது, பண்டாரத்திடம் ஓடி வருகிறவர்கள் மாடி ஏறுவதில்லை. மேசைதான் இறங்கி வர வேண்டும், அன்னதான மண்டபத்துக்கு, சனிக்கிழமை, பந்தி முடிந்த கையோடு. நேற்று இரவு இரண்டு தரப்பும் உட்கார்ந்து பேசியதில் ஒத்துக்கொண்டவை: மேசையில் சாமிப் படமோ இயக்கப் பதாகையோ கூடாது. சாப்பிட்டவர்தான் வர வேண்டும் என்றில்லை. தேவாலயக் குழு தான் வீடு பார்த்த குடும்பங்களையும் அனுப்பலாம். மண்டபத்தின் ஓரத்தில் தடுப்புத் திரை, அம்மாவைப் பற்றிய கேள்வி ஊர் காதில் விழக் கூடாது. கோப்பு கோயில் இரும்புப் பெட்டியில், இரண்டு பூட்டு, ஒரு சாவி இயக்கத்திடம், ஒன்று கோயில் பொருளாளரிடம். படம் எடுக்கக் கூடாது.

கோயில் குழுவில் ஒருவர் மட்டும் முணுமுணுத்தார், சர்ச் ஆட்களை ஏன் மண்டபத்துக்குள் விட வேண்டும் என்று. அண்டா அக்காதான் பதில் சொன்னார்: "சாப்பாட்டுக்கு வரலாம், காகிதத்துக்கு வரக் கூடாதா?" அதற்குமேல் பேச்சு எழவில்லை.

பண்டாரத்துக்கு இன்னொரு வேலையும் வைத்திருக்கிறார்கள். கோயிலுக்குள்ளேயே திருமணத்தைப் பதிய, அமைச்சு நியமிக்கும் துணைப் பதிவாளர் வேண்டும். நாட்டில் பல கோயில்களில் இந்த ஏற்பாடு உண்டு, இங்கே இல்லை. விண்ணப்பம் தீபாவளி முடிந்ததும் போகிறது. அதுவரை, பதிவுத் தாளைக் காட்டாமல் முகூர்த்த நாள் குறித்துக் கொடுப்பதில்லை என்று குழு முடிவெடுத்திருக்கிறது. பதிவுக்கு விண்ணப்பித்த பிறகு 21 நாள் அறிவிப்பு ஒட்டியிருக்க வேண்டும், ஆகவே கல்யாண வீட்டார் குறைந்தது இரண்டு மாதம் முன்னாடியே வர வேண்டும்.

முதல் மேசை நவம்பர் 1, சனி, காலை பதினொன்றுக்கு. வருபவர்கள் பழைய சம்பளச் சீட்டு, தடுப்பூசி அட்டை, பள்ளிப் புத்தகம், கர்ப்பகாலப் புத்தகம், தோட்டத்து வேலை அட்டை, எது கிடைத்தாலும் எடுத்து வரச் சொல்லியிருக்கிறார்கள். கரையான் அரித்ததாக இருந்தாலும் தூக்கிப் போடாமல். தலைநகரிலிருந்து உதவ நினைப்பவர்கள் இந்த முறை அரிசி வேண்டாம். நகல் இயந்திரத்துக்கு மை, ஏ4 தாள் ஐந்து கட்டு, மலாய் படித்து எழுதத் தெரிந்த இரண்டு பேர்.